ஹியர்பை, தேர்ஆஃப், வேர்ஆஸ்: பத்திர ஆங்கிலத்தை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டது இது: சென்னையில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறீர்கள். பில்டர் தரப்பு கொடுத்த ஒப்பந்த வரைவு முழுக்க ஆங்கிலம். ஹியர்பை, ஹியர்இன்ஆஃப்டர், தேர்ஆஃப், வேர்ஆஸ், நாட்வித்ஸ்டாண்டிங் என்று வரிக்கு வரி பழைய கூட்டுச்சொற்கள். இவற்றுக்கு ஒரு அர்த்தப் பட்டியல் வேண்டும் என்கிறீர்கள்; கூடவே, இவற்றைத் தாண்டிப் படித்தால் ஏதும் கெட்டுப்போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் முக்கியமான கேள்வி அந்த இரண்டாவதுதான். பட்டியல் எந்த அகராதியிலும் கிடைக்கும். ஆனால் தேர்ஆஃப் என்றால் 'அதனுடைய' என்று தெரிந்துகொண்ட பிறகும் வாக்கியம் புரியாது, ஏனென்றால் அந்த 'அது' எது என்பதை அகராதி சொல்லாது. நான் சிவில் பக்கம் இருக்கும் வழக்கறிஞர். பத்திரம் எழுதுவதும், ஆங்கிலப் பத்திரங்களைக் கட்சிக்காரர்களுக்குத் தமிழில் விளக்குவதும் பல வருடங்களாக என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்: இவற்றில் பலவற்றைக் கண்டுகொள்ளாமல் தாண்டலாம், நாலைந்து சொற்களில் மட்டும் நின்று படித்தே ஆக வேண்டும்.

முதலில், இவை ஐம்பது அறுபது தனித்தனிச் சொற்கள் அல்ல. தமிழ் தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். ஹியர் என்று தொடங்கினால் 'இது', தேர் என்று தொடங்கினால் 'அது', வேர் என்று தொடங்கினால் 'எது'. நம் இ, அ, எ மாதிரியே மூன்று தொடக்கம். பின்னால் ஒட்டுவது நம் வேற்றுமை உருபு செய்கிற வேலையைச் செய்கிறது: பை என்றால் 'ஆல்', ஆஃப் என்றால் 'உடைய', இன் என்றால் 'இல்', டு என்றால் 'கு', வித் என்றால் 'உடன்', ஆன் என்றால் 'மேல்', அண்டர் என்றால் 'கீழ்'. அப்படியானால் ஹியர்பை 'இதனால்', தேர்பை 'அதனால்'. தேர்ஆன் 'அதன்மேல்', ஹியர்டு 'இதற்கு', தேர்வித் 'அதனுடன்'. ஹியர்இன்ஆஃப்டர் என்பது 'இதில் இதற்குப் பிறகு'. இந்தத் தொடக்கங்களும் உருபுகளும் தெரிந்துவிட்டால் புதிதாக ஒரு சொல் வந்தாலும் நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

வேர் வரிசையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பத்திரத்தில் வேர்பை, வேர்ஆஃப், வேர்இன் என்று வந்தால் அது கேள்வி அல்ல. முன்னால் சொன்ன பெயரோடு பின்னால் வரும் செய்தியைக் கோக்கிற சொல். நாம் அந்த வேலையைப் பெயரெச்சத்தால் செய்கிறோம். 'எந்தப் பத்திரத்தின் மூலம் அவர் விற்றாரோ அந்தப் பத்திரம்' என்று நீட்டாமல் 'அவர் விற்ற பத்திரம்' என்று முடித்துவிடுவோம். வேர்பை அந்த 'விற்ற' என்பதற்குள் கரைந்துவிடுகிறது. அதனால் இந்தச் சொற்களுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடி அலைய வேண்டாம், வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். கேள்வியாகவும் வரக்கூடிய ஒன்று வேர்ஃபோர்; அப்போது அதற்கு அர்த்தம் 'ஏன்'. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் மாடத்தில் நின்று ரோமியோவைப் பற்றிக் கேட்பதும் 'எங்கே இருக்கிறாய்' என்றல்ல, 'நீ ஏன் ரோமியோவாக இருக்க வேண்டும்' என்றுதான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே இதைத் தவறாகப் படிப்பதுண்டு.

இவை வக்கீல்கள் கண்டுபிடித்த சொற்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் எல்லோரும் பேசிய ஆங்கிலம் இது. ஆங்கிலத்தின் உறவு மொழிகளான ஜெர்மனிலும் டச்சிலும் இதே அமைப்பு இன்றும் வீட்டுப் பேச்சில் புழங்குகிறது. ஒரு ஜெர்மன் குழந்தை தாமிட் (அதனுடன்), தாஃபோன் (அதிலிருந்து) என்று சொல்லும்போது அது பத்திர மொழி பேசவில்லை. ஆங்கிலத்தில் 'இட்ஸ்' என்ற சொல்லே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதுவரை 'அதனுடைய' என்பதற்குத் தேர்ஆஃப் தேவைப்பட்டது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 'இட்ஸ்' கிட்டத்தட்ட வருவதே இல்லை, தேர்ஆஃப் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்தந்த நாளுக்கு அதனதன் பாடு போதும் என்ற புகழ்பெற்ற வசனம் ஆங்கிலத்தில் தேர்ஆஃப் என்ற சொல்லோடுதான் முடிகிறது. அப்புறம் பேச்சுமொழி 'ஆஃப் இட்', 'இட்ஸ்' என்று நகர்ந்துவிட்டது, நீதிமன்றம் நகரவில்லை.

அது நகராததற்குக் காரணம் உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டத்தின் மொழி லத்தீனும் பிரெஞ்சும். 1362இல் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பதிவு மட்டும் லத்தீனிலேயே தொடர்ந்தது. 1731இல் நிறைவேறி 1733இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் நீதிமன்ற ஆவணங்களை முழுக்க ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. பழைய லத்தீன் வாய்ப்பாடுகளை எழுத்தர்கள் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வைத்திருந்தார்கள். ஒரு வழக்கில் செல்லுபடியான வாசகத்தை மாற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. மாற்றினால் எதிர்த்தரப்பு அதில் ஓட்டை கண்டுபிடிக்குமோ என்ற பயம். இன்றைக்கும் எந்த அலுவலகத்திலும் புதிய பத்திரம் வெற்றுத்தாளில் பிறப்பதில்லை, போன பத்திரத்தைத் திறந்து பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றுகிறோம். நீட்டி எழுதுவதற்கு எதிரான கோபமும் பழையதே. 1596இல் ரிச்சர்ட் மில்வார்ட் என்பவர், 16 தாளில் முடிந்திருக்க வேண்டிய ஒரு மனுவை 120 தாளுக்கு எழுதியதற்காக, அந்தக் கட்டின் நடுவில் ஓட்டை போட்டு அவர் தலையை அதில் நுழைத்து, லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலைச் சுற்றி நடத்திக் காட்டச் சொன்னது நீதிமன்றம்.

சரி, உங்கள் ஒப்பந்தத்துக்கு வருவோம். இவற்றைப் படிக்கும்போது நான் கையாளும் முதல் விதி இது: ஹியர் என்றால் உங்கள் கையில் இருக்கும் இந்த ஆவணம். தேர் என்றால் சற்று முன்னால் பேர் சொல்லப்பட்ட இன்னொன்று. பெரும்பாலான இடங்களில் இது செல்லும்; ஹியர்இன் என்ற சொல்லில் மட்டும் வரும் சிக்கலைப் பின்னால் சொல்கிறேன். இதன் பலன் எவ்வளவு என்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். ஜனவரியில் விற்பனை ஒப்பந்தம் போடுகிறீர்கள், ஜூனில் கிரயப் பத்திரம் பதிகிறீர்கள். கிரயப் பத்திரத்தில் ஜனவரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டுவிட்டு, பாக்கித் தொகைக்கு வட்டி 'டேட் ஹியர்ஆஃப்' முதல் என்று போட்டால் ஜூனிலிருந்து வட்டி. 'டேட் தேர்ஆஃப்' என்று போட்டால் ஜனவரியிலிருந்து. ஒரே ஒரு ஆங்கில எழுத்து கூடினால் ஐந்து மாத வட்டி கூடுகிறது. தட்டச்சில் மிக எளிதாக நடக்கிற பிழை இது. தேதி, வட்டி, சுவாதீனம் ஒப்படைப்பு ஆகிய மூன்று இடங்களிலும் இந்த ஒரு எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

அடுத்து வேர்ஆஸ். பத்திரத்தின் முன்பகுதியில் பத்தி பத்தியாக 'வேர்ஆஸ்' என்று தொடங்கும். அன்றாட ஆங்கிலத்தில் அதற்கு 'ஆனால் இதற்கு மாறாக' என்று அர்த்தம். பத்திரத்தில் அந்த அர்த்தம் இல்லவே இல்லை. இங்கே அது 'நடந்தது என்னவென்றால்' என்று பின்னணி சொல்கிற சொல். இந்தச் சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது, யாரிடமிருந்து எந்த ஆண்டு எந்த எண் பத்திரத்தில் வாங்கினார், அவருக்கு முன்னால் யார் என்ற கதை எல்லாம் இந்தப் பகுதியில்தான் இருக்கும். பொதுவாக இது கடமையை உருவாக்கும் பகுதி அல்ல. பின்னால் வரும் ஷரத்து தெளிவாக இருந்தால் ஷரத்துதான் செல்லும், ஷரத்து குழப்பமாக இருந்தால் நீதிமன்றம் இந்தப் பின்னணியைப் பார்த்து விளங்கிக்கொள்ளும். அதற்காக இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். என்னைக் கேட்டால், வாங்குபவர் மிக நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதியே இதுதான். ஒவ்வொரு வேர்ஆஸ் பத்தியையும் மூலப்பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் வரிசையாக ஒத்துப் பாருங்கள். பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், விஸ்தீரணம் நான்கும் பொருந்த வேண்டும். நடுவில் ஒரு கை மாற்றம் விடுபட்டிருந்தால் அது இங்கேதான் தெரியும்.

வேர்ஆஸ் வரிசை முடிந்து 'நவ் திஸ் டீட் விட்னஸ்ஸெத்' என்று ஒரு வரி பெரிய எழுத்தில் வரும். விட்னஸ்ஸெத் என்பது 'சாட்சி கூறுகிறது' என்பதன் பழைய வடிவம், கடைசியில் வருகிற எத் இன்றைய எஸ் விகுதிக்குச் சமம். அந்தச் சொல்லை நினைவில் வைக்க வேண்டியதில்லை, அந்த இடத்தை நினைவில் வையுங்கள். அதற்கு மேலே இருப்பது கதை, கீழே இருப்பது கட்டுப்படுத்துவது.

ஹியர்பை உண்மையிலேயே கனமான சொல். 'இதன்மூலம்' என்று மொழிபெயர்த்தால் அதன் வேலை பாதிதான் வரும். எந்த வினையோடு அது ஒட்டுகிறதோ அந்தச் செயல் இந்த எழுத்தாலேயே, இந்தக் கையெழுத்தாலேயே நடந்து முடிகிறது என்று அது சொல்கிறது. ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவப் பேராசிரியர், ஒரு வாக்கியம் செய்தி சொல்கிறதா அல்லது தானே ஒரு செயலைச் செய்கிறதா என்று கண்டுபிடிக்க, அதில் ஹியர்பை பொருந்துகிறதா என்று பார்க்கலாம் என்றார். நம் அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையில், 1949 நவம்பர் 26 அன்று மக்களாகிய நாம் இதை ஏற்கிறோம், இயற்றுகிறோம், நமக்கே வழங்கிக்கொள்கிறோம் என்ற இடத்தில் ஹியர்பை இருக்கிறது. அந்த வாக்கியம் நடந்ததை அறிவிக்கவில்லை, அந்த வாக்கியமே அந்தச் செயல்.

இது உங்களுக்கு எதற்கு என்றால், ஹியர்பைக்குப் பின்னால் வரும் வினை எது என்று பார்க்கத்தான். 'ஹியர்பை செல்ஸ் அண்ட் கன்வேஸ்' என்று இருந்தால் இந்தப் பத்திரத்தால் விற்கிறார். 'ஹியர்பை அக்ரீஸ் டு செல்' என்று இருந்தால் இந்தப் பத்திரத்தால் நடப்பது விற்க ஒப்புக்கொள்வது மட்டும்தான். விற்பனை இன்னும் நடக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 54 இதைத் தெளிவாகச் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உருவாக்காது. ஹியர்பை, ஹியர்பை என்று பக்கம் நிறைய இருப்பதைப் பார்த்து, முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, வீடு தன் பெயருக்கு வந்துவிட்டது என்று நம்பியிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உங்கள் கையில் இருப்பது ஒப்பந்த வரைவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிரயப் பத்திரம் பதியும் வரை வீடு உங்களுடையது அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு பணம் கொடுக்கும் கட்டங்களைப் படியுங்கள்.

நாட்வித்ஸ்டாண்டிங் இன்னும் வலிமையானது. பழைய ஆங்கிலத்தில் வித் என்றால் 'எதிராக' என்றும் அர்த்தம். ஆகவே இது 'எதிர்த்து நிற்காமல்' என்ற கூட்டு, லத்தீனில் 'நோன் ஆப்ஸ்டான்டே'. 'அதில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இதுதான் செல்லும்' என்பதே பொருள். ஒரு ஒப்பந்தத்தில் இந்தச் சொல்லோடு ஒரு ஷரத்து தொடங்கினால், எந்த எல்லை வரை அது மற்றவற்றை மிதிக்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஷரத்து 9இல் என்ன இருந்தாலும்' என்றால் ஒன்பதை மட்டும்தான் வெல்லும். 'இந்த ஒப்பந்தத்தில் வேறெங்கு என்ன இருந்தாலும்' என்றால் முன்னே இருபது பக்கங்களில் உங்களுக்கு எழுதிக் கொடுத்த சலுகைகள் அத்தனையையும் அந்த ஒரே ஷரத்து தள்ளிவிடும். இப்படிப்பட்ட ஷரத்துகள் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், படிப்பவர் களைத்துப்போன இடத்தில் வரும். நான் எந்த வரைவைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாகக் கணினியில் இந்தச் சொல்லைத் தேடி அது வரும் இடங்களை எல்லாம் குறித்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதற்கு நேர் எதிரானது 'சப்ஜெக்ட் டு', அதாவது 'அதற்குக் கட்டுப்பட்டு'. முதலாவது தலை நிமிர்த்தும், இரண்டாவது தலை குனியும். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகள் இரண்டும் நாட்வித்ஸ்டாண்டிங் என்று தொடங்கி ஒன்றோடொன்று மோதினால் எது வெல்லும் என்பது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் அல்ல, ஒப்பந்தத்தின் நோக்கத்தை வைத்து நீதிமன்றம்தான் முடிவு செய்யும். கையெழுத்துக்கு முன்னால் அந்த மோதலைத் தீர்த்துக்கொள்வதே நல்லது.

ஒன்றில் தைரியமாக இருக்கலாம். இந்தச் சொல்லைப் போட்டுவிட்டதால் பில்டர் சட்டத்தையே தாண்டிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், நாம் ரெரா என்று சொல்வதில், பிரிவு 89 இதே சொல்லைத்தான் ஆயுதமாக எடுக்கிறது: நடைமுறையில் உள்ள வேறு எந்தச் சட்டத்திலும் 'இன்கன்சிஸ்டென்ட் தேர்வித்' ஆக, அதாவது அதனுடன் முரணாக, எது இருந்தாலும் நாட்வித்ஸ்டாண்டிங், இந்தச் சட்டத்தின் விதிகளே செல்லும். இங்கே தேர்வித் எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் 'இந்தச் சட்டத்தின் விதிகள்' என்பதை. வாக்கியத்துக்குள் பின்னோக்கிப் போய்ச் சுட்டப்படும் பெயரைப் பிடிப்பது என்றால் இதுதான். பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தேர் சொல்லிலிருந்தும் அது சுட்டும் பெயருக்கு ஒரு கோடு போடுங்கள். கோடு போய்ச் சேர இடம் இல்லையென்றால், அல்லது இரண்டு இடத்துக்கும் போகலாம் என்றால், அந்த வாக்கியம் சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். குறை உங்கள் ஆங்கிலத்தில் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியான நிலம். ஹியர்இன் என்ற சொல்லில் மட்டும் என்னால் அப்படிப் பேச முடியாது. 'இதில்' என்றால் எதில்? இந்த ஷரத்திலா, இந்த அத்தியாயத்திலா, முழு ஒப்பந்தத்திலா? ஒரு வரைவில் ஷரத்து 7 இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஹியர்இன் சொல்லப்பட்ட விதிவிலக்குகள் தவிர, ஒப்படைப்பு தாமதமானால் பில்டர் வட்டி தர வேண்டும். ஷரத்து 7க்குள் சொல்லப்பட்ட விதிவிலக்கு வெள்ளம், பூகம்பம் மட்டும். ஆனால் ஷரத்து 21இல், கட்டுமானப் பொருள் தட்டுப்பாடு வந்தால் காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஹியர்இன் என்பது ஷரத்து 7 மட்டும் என்றால் பொருள் தட்டுப்பாட்டைச் சொல்லி அவர் தப்ப முடியாது. முழு ஒப்பந்தம் என்றால் தப்பலாம். பெரும்பாலும் முழு ஆவணத்தையும் குறிப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள், ஆனால் சூழலைப் பொறுத்து மாறும், வழக்கும் நடக்கும். இப்படி ஒரு இடம் இருந்தால் ஹியர்இன்னை எடுத்துவிட்டு 'இந்த ஷரத்தில்' என்றோ 'இந்த ஒப்பந்தத்தில்' என்றோ எழுதச் சொல்லுங்கள். நியாயமான எந்த வழக்கறிஞரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

மற்றவை எளிது. ஹியர்இன்ஆஃப்டர் என்பது பெயர் சூட்டும் சடங்கு: இனிமேல் இவரை 'விற்பவர்' என்று அழைப்போம், அவ்வளவுதான். அதை ஒட்டி வாரிசுகள், சட்டப்படியான பிரதிநிதிகள், உரிமை மாற்றப்பட்டவர்கள் என்று நீளும் பகுதியை மட்டும் படியுங்கள், அங்கே யார் யார் கட்டுப்படுவார்கள் என்பது இருக்கும். ஹியர்டுஃபோர் 'இதுவரை'. ஹியர்ஆஃப்டர் 'இதற்குப் பிறகு'; அன்றாட ஆங்கிலத்தில் அது மறுமையைக் குறிக்கும் என்பதால் பயந்துவிட வேண்டாம். அஃபோர்செட் என்பது நம் பத்திரங்களின் மேற்படியேதான். பழைய கைப்பத்திரங்களில் ௸ என்று குறியாகவே போட்டிருப்பார்கள். ஹெரெடிட்டமென்ட்ஸ் என்று ஒன்று பழைய பத்திரங்களில் வரும். காதுக்கு ஹியர் வரிசை மாதிரி இருந்தாலும் அது வேறு குடும்பம். வாரிசுக்கு இறங்கக்கூடிய சொத்து என்று லத்தீன் வழியில் வந்த சொல்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே வரும் வாக்கியம் எல்லோரையும் மிரட்டும்: 'இன் விட்னஸ் வேர்ஆஃப் த பார்ட்டீஸ் ஹியர்டு ஹாவ் ஹியர்அன்டு செட் தெயர் ஹேண்ட்ஸ்.' மூன்று கூட்டுச்சொல். பிரித்துப் பாருங்கள்: வேர்ஆஃப் 'மேலே சொன்னவற்றின்', ஹியர்டு 'இதன்', ஹியர்அன்டு 'இதில்'. 'மேற்கண்டவற்றுக்குச் சாட்சியாக, இதன் தரப்பினர் இதில் கையெழுத்திட்டார்கள்.' அவ்வளவே. அதை அப்படியே எடுத்துவிட்டு 'கையெழுத்து' என்று மட்டும் போட்டாலும் பத்திரத்தின் பலம் ஒரு துளி குறையாது.

இந்த அலங்காரம் துல்லியத்துக்காக என்று என் துறையில் பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1963இலேயே டேவிட் மெலின்காஃப் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், இந்த மாதிரிச் சொற்களில் பெரும்பாலானவை துல்லியமானவை அல்ல, வெறும் பழக்கம் என்று விரிவாக எழுதிவிட்டார். அமெரிக்காவில் 2010இல் அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது. ஒரு குடும்பம் இருபது வருடக் கடன் போட்டு வாங்கும் வீட்டின் ஒப்பந்தத்தை அந்தக் குடும்பத்தால் படிக்க முடியவில்லை என்றால் அது அநியாயம். நானே எழுதும் பத்திரங்களில் ஹியர்பை, நாட்வித்ஸ்டாண்டிங் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன், மற்ற எல்லா இடத்திலும் பெயரைத் திரும்பச் சொல்கிறேன். 'தேர்ஆஃப்' வர வேண்டிய இடத்தில் 'அந்த வீட்டின்' என்று போட்டால் முடிந்தது.

உங்கள் வரைவை நான் பார்க்கவில்லை, அதனால் எந்த ஷரத்து உங்களுக்குப் பாதகம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் தரப்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பில்டரே பரிந்துரைக்கும் வழக்கறிஞர் போதாது. கோடு போட்ட வரைவை அவரிடம் கொண்டுபோனால் அவருக்கும் நேரம் மிச்சம். தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம், தமிழ்நாட்டில் தமிழ்ப் பத்திரம் பதிவாவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தருகிறோம் என்று சொன்னால் மட்டும், இரண்டுக்கும் முரண் வந்தால் எந்த மொழி வாசகம் செல்லும் என்ற ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆங்கிலம்தான் என்று எழுதியிருந்தால், மேலே சொன்ன பென்சில் வேலையை ஆங்கிலப் பிரதியில் செய்ய வேண்டும்.